செய்திக்கு வலுக் கொடுப்பவர்கள்

கலையகக் கதவு சாத்தப்பட்டுச் சிவப்பு விளக்கு எரிந்ததும், செய்தி வாசிப்பவருக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவே எஞ்சுவது ஒரு சாண் காற்று. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 345 மீற்றர் போகும். வானொலி அலை அதே செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் போய்விடும். குரல் அந்த ஒரு சாணைக் கடந்து முடிப்பதற்குள், கொழும்பில் புறப்பட்ட வானொலி அலை அநுராதபுரத்தைத் தாண்டியிருக்கும். செய்தியின் நெடும் பயணத்தில் மிக மெதுவான கட்டங்கள் இரண்டு: வாயிலிருந்து ஒலிவாங்கி வரை, ஒலிபெருக்கியிலிருந்து காது வரை.

நான் இந்த வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஊர் திருநெல்வேலி, எங்கள் பேச்சில் தின்னவேலி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்த இடத்தில் இன்று ஊடகக் கற்கைகளும் ஒரு பாடம். செய்தியை எழுதுவது, மூச்சை எங்கே எடுப்பது, எண்ணை எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் படித்துப் பழகலாம். ஆனால் ஒரு கேள்வி வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குள் எழுந்தது. நான் வாசிக்கும்போது என் வாயிலிருந்து புறப்படும் வலுவில் எவ்வளவு, கேட்பவருடைய காதில் போய் விழுகிறது? பௌதிகவியலில் தொடங்கும் இந்தக் கேள்வி, போகப் போக என் தொழிலின் கடமை எது என்று காட்டியது.

முதலில் குரலைப் பார்ப்போம். நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்நாண்களைத் தள்ளித் திறக்கிறது. அவை மீண்டும் மூடுகின்றன. பேசும்போது இது ஆணிடம் செக்கனுக்கு 100 முதல் 120 தடவை வரையும், பெண்ணிடம் 200 தடவை அளவிலும் நடக்கும். அந்தத் துடிப்பை நாக்கும் உதடும் அண்ணமும் சேர்ந்து சொல்லாக்குகின்றன. இவ்வளவு வேலை செய்தும் வெளியே வரும் ஒலியின் வலு மிகச் சிறியது. சாதாரணமாகப் பேசும் ஒருவருடைய குரலில் இருப்பது ஒரு வோற்றின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவான வலு. எதிரே நிற்பவரின் காதில் அது உண்டாக்கும் அழுத்த மாற்றம், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றழுத்தத்தின் ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த மிகச் சிறிய அசைவைக் கேட்டுத்தான் மனிதர் ஒருவரையொருவர் நம்புகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், தாலாட்டுகிறார்கள்.

அந்த அசைவு ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டில் படுகிறது. பல கலையகங்களிலும் களத்திலும் பயன்படும் ஒருவகை ஒலிவாங்கியில், தகட்டோடு ஒட்டிய ஒரு சிறு கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே அசைகிறது. காந்தத்துக்கு அருகே கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் தோன்றும் என்று மைக்கேல் பரடே 1831 இல் கண்டார். குரல் எப்படி அசைகிறதோ அப்படியே மின்சாரமும் ஏறி இறங்குகிறது. ‘ப’ என்று அழுத்திச் சொன்னால் வாயிலிருந்து பாயும் காற்று தகட்டை மோதும்; அதனால்தான் வாசிப்பவர்கள் ஒலிவாங்கிக்கு நேர் எதிரே வாயை வைக்காமல் சற்றே பக்கவாட்டில் பேசப் பழகுகிறோம். பரடேயின் இந்தக் காந்தமும் கம்பிச்சுருளும் செய்தியின் பாதையில் இன்னும் இரு இடங்களில் வரும்.

கலையகத்தை விட்டு வெளியேறும்போது குரலின் மின்சாரம் ஒரு பெரிய அலையின் மேல் ஏற்றப்படுகிறது. மின்சாரமும் காந்தமும் சேர்ந்து வெளியில் அலையாகப் பயணிக்கும் என்று மக்ஸ்வெல் 1865 இல் கணக்குப் போட்டுச் சொன்னார். ஹேர்ட்ஸ் 1887, 1888 ஆம் ஆண்டுகளில் அதைச் செய்து காட்டினார். 1890களில் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திரபோஸ் மில்லிமீற்றர் அளவான அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். இலங்கையில் 1923 இல் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கியின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசெம்பர் 16 இல் கொழும்பில் வானொலி நிலையம் முறையாகத் தொடங்கியது. பி.பி.சி. பிறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய தமிழ் அறிவிப்பாளர்கள் பின்னாளில் அங்கிருந்து பாக்கு நீரிணைக்கு இரு பக்கமும் வீடுவீடாக அறியப்பட்டார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாடு வானொலி அலைகளுக்கு ஓர் அபூர்வமான இடம். மலை இல்லை, மூன்று பக்கமும் உப்புக்கடல். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை கடல் மேற்பரப்பை ஒட்டியபடி, நிலத்தின் மேல் போவதைவிட மிகக் குறைந்த இழப்போடு நெடுந்தூரம் வரும். திருச்சிராப்பள்ளி வானொலி 1939 இல் தொடங்கியது. அதன் 936 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் 320 மீற்றர். எங்கள் ஊர் முதியவர்களுக்கு அந்த நிலையத்தின் குரல்கள் பக்கத்து வீட்டுக் குரல்கள்.

பண்பலை வேறு மாதிரி. அதன் அலைநீளம் 3 மீற்றர் அளவுதான். ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆகவே கோபுரத்தின் உயரமே எல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்காவிலில் இருந்த கோபுரம் 1990 இல் போரில் அழிந்தது. 2011 ஜூனில் திறக்கப்பட்ட புதிய கோபுரத்தின் உயரம் 174 மீற்றர். அந்த உயரத்திலிருந்து ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தூரத்தில் அலையின் தொடுவானம் வந்துவிடும். வீட்டுக்காரர் 10 மீற்றர் கம்பத்தில் அன்ரெனாவை ஏற்றினால் இன்னும் 13 கிலோமீற்றர் கூடும். வாங்குபவர் உயர உயர, அனுப்புபவரின் எல்லையும் நீளுகிறது.

இந்தக் கணக்கையும் கடல் சில வேளைகளில் மீறவிடும். 1980களில் யாழ்ப்பாணத்தார் பனை உயரக் கம்பங்களில் அன்ரெனா கட்டித் தூரதர்ஷன் பார்த்தார்கள். கொடைக்கானல் மலையில் ஒலிபரப்பி 2,000 மீற்றருக்கும் மேலே இருந்தாலும், அதன் நேர்கோட்டு எல்லை 200 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். யாழ்ப்பாணமோ 280 கிலோமீற்றருக்கு அப்பால். மிச்சத் தூரத்துக்கு அலையை எடுத்துவருவது வானிலை. கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும் அதன் மேலே உலர்ந்த சூடான காற்றும் படிந்தால், இரண்டுக்கும் இடையில் அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து கடலோடு ஓடும். அந்தப் படலம் கலைந்தால் படமும் கலையும். ‘இண்டைக்கு நல்லா இழுக்குது’ என்று கூரையில் ஏறி நின்றவர்கள் கத்தியது, உண்மையில் ஒரு வானிலை அவதானிப்பு.

சிற்றலை வானத்தையே பயன்படுத்துகிறது. சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வளிமண்டலத்தின் துகள்களிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்தெடுக்கின்றன. 200 முதல் 400 கிலோமீற்றர் உயரத்தில் அந்த இலத்திரன்கள் சிற்றலையை வளைத்து மீண்டும் பூமிக்கே அனுப்பும். அப்படி ஒரு படலம் உண்டு என்று 1924 இல் நிறுவிய எட்வேர்ட் அப்பிள்டனுக்கு 1947 இல் நோபல் பரிசு கிடைத்தது. 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் பகலில் உருவாகும் இன்னொரு படலம் மத்திய அலையை விழுங்கும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துவிடும். இரவில் தூரத்து நிலையங்கள் தெளிவாக வருவது இதனால்தான். 1941 இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை ஒலித்த பி.பி.சி. தமிழோசை, வானத்தின் இந்த இயல்பைப் பயன்படுத்தியே எங்கள் முற்றங்களில் வந்து இறங்கியது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இவ்வளவு தூரம் விரிந்து பரவிய அலை, ஒரு வீட்டு அன்ரெனாவில் விட்டுச்செல்லும் வலு எவ்வளவு? தூரத்து நிலையம் என்றால் ஒரு வோற்றின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில் இருக்கலாம். ஒரு சிறு வானொலிப் பெட்டி ஓரளவு சத்தமாகப் பேசுவதற்கு அதன் ஒலிபெருக்கிக்குத் தேவை ஒரு வோற்றில் பத்தில் ஒரு பங்கு. வந்ததைவிடத் தேவைப்படுவது பத்தாயிரம் கோடி மடங்கு அதிகம்.

அந்த மிச்சத்தைக் கொடுப்பது வாங்கிப் பெட்டியின் பற்றறி. எங்கள் செம்மண் தோட்டங்களில் இறைக்கும் நேரத்தில் இதன் நியாயத்தைக் காணலாம். கிணற்றுநீரை மெசின் இறைத்து வாய்க்காலில் தள்ளும். தண்ணி மாறுபவர் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்து, நீர் எந்தப் பாத்திக்கு எப்போது போகவேண்டும் என்று தீர்மானிப்பார். நீரின் வேகம் அவருடையதல்ல. திசையும் அளவும் அவருடையவை. வானொலிக்குள் திரான்சிற்றர் அப்படித்தான் வேலை செய்கிறது. வானத்திலிருந்து வந்த மெல்லிய மின்சாரம், பற்றறியிலிருந்து பாயும் வலிய மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கேட்பவர் காதில் விழும் சத்தத்தின் வலு முழுவதும் அவருடைய சொந்தப் பற்றறியிலிருந்து வந்தது. கலையகத்திலிருந்து போய்ச் சேர்வது அந்தச் சத்தம் எந்த உருவத்தில் எழவேண்டும் என்ற கட்டளை மட்டுமே.

பௌதிகவியல் சொல்லும் இந்த உண்மையை யாழ்ப்பாணம் உடம்பால் அறிந்திருக்கிறது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றறியும் மண்ணெண்ணெயும் இருந்தன. ஜாம் போத்தலுக்குள் சில துளி எண்ணெயும் திரியும் வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றினார்கள். சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவுக்குள் காந்தம் சுழன்று கம்பிச்சுருளில் மின்சாரம் எழுந்தது. ஒலிவாங்கிக்குள் நாம் பார்த்த பரடேயின் விதி, பாதையின் மறுமுனையில் இரண்டாம் முறை வேலை செய்தது. வானொலியின் ஒலிபெருக்கியில் அதே காந்தமும் சுருளும் எதிர்த்திசையில் இயங்கி, மின்சாரத்தைக் குரலாக்கின. அது மூன்றாவது.

சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வோற் அளவில் செய்யப்படுவது. ஒரு சிறு வானொலிக்கு அது தாராளம். ஆனால் டைனமோவிலிருந்து வருவது முன்னும் பின்னும் திசை மாறும் மின்சாரம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் போவது. இருவாயிகளைப் பொருத்தித் திசையை ஒழுங்காக்கினார்கள். கொள்ளளவியைச் சேர்த்து இரைச்சலைக் குறைத்தார்கள். பழைய வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய உதிரிகளே இதற்கு உதவின. சுற்றும் வேகம் குறைந்தால் குரல் மங்கும். கூடினால் பெட்டிக்கு ஆபத்து. என் அப்பா அப்போது பள்ளிக்கூடப் பெடியன். “செய்தி முடியும்வரைக்கும் கை நிக்கக் கூடாது. பெரியாக்கள் எல்லாரும் சுத்தி இருப்பினம். முக்கியமான இடத்திலை கை ஓய்ஞ்சால் அவ்வளவுதான்” என்பார்.

இந்தக் கதையை ஊரில் வீரக்கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது என் தொழிலின் முதல் பாடம். அந்தக் கைகள் ஓயாமல் சுற்றியது பாட்டுக்காகவும்தான். ஆனால் பெரியவர்கள் கூடி மூச்சடக்கிக் காத்திருந்தது செய்திக்காக. அடுத்த ஊரில் என்ன நடந்தது, பாதை திறக்குமா, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிவதற்காகத் தங்கள் உடல்வலுவை ஒரு குரலுக்குக் கொடுத்தார்கள். அந்த வலுவுக்கு வாசிப்பவர் பொய்யான உருவத்தைக் கொடுத்திருந்தால், அவர்கள் சொந்தக் கையாலேயே அந்தப் பொய்யைச் சத்தமாக்கியிருப்பார்கள்.

அதனால் என் நாளின் பெரும் பகுதி உருவத்தைக் காப்பதில் போகிறது. களத்திலிருந்து செய்தியாளர் தொலைபேசியில் சொல்வார். பழைய தொலைபேசி வழி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கடத்தும். ‘ஸ’ போன்ற ஒலிகளின் பெரும் பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அவை வழியிலேயே உதிர்ந்துவிடும். பெயர்கள் மாறிக் கேட்கும். ஆகவே ஆளின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத்து எழுத்தாகக் கேட்டு வாங்குகிறோம். வாசிக்கும் தாளில் மூச்சுக்குக் கோடு இடுகிறோம். பெரிய எண்களை எழுத்தால் எழுதிக்கொள்கிறோம். செய்மதி வழி நேரலை என்றால் குறிப்பு 36,000 கிலோமீற்றர் உயரம் ஏறி இறங்கவேண்டும். அதற்கே செக்கனின் கால் பங்கு ஆகும். கேள்வி போய்ப் பதில் வர அரைச் செக்கன். களத்தில் நிற்பவர் சற்றுத் தயங்குவதுபோலத் தெரிவது இதனால்தான். அவர் கேள்விக்காகக் காத்து நிற்கிறார்.

ஒவ்வொரு நாளும் வாசிக்கும் கடல் வானிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘புத்தளத்திலிருந்து மன்னார், காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரையான கடற்பரப்புகளில்’ என்று தொடங்கும். நகரத்தில் இருப்பவருக்கு அது காதைத் தாண்டிப் போகும் வசனம். பருத்தித்துறையிலோ குருநகரிலோ படகைத் தள்ளக் காத்திருப்பவருக்கு, காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றரா 60 கிலோமீற்றரா என்பதில் அன்றைய நாள் இருக்கிறது. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு. என் நாக்கு ஒரு எண்ணில் இடறினால், அந்தப் பிழையின் வலு கலையகத்துக்குள் அடங்கி நிற்காது.

உருவம் வந்துசேராத நாளும் எங்களுக்கு உண்டு. 2004 டிசெம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது. அங்கிருந்து இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். வானொலி அலைக்கு அது செக்கனின் இருநூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய நேரம். கடலலைக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். வீடுகளில் வானொலி இருந்தது, பற்றறியும் இருந்தது, கோபுரங்களும் இருந்தன. ‘கரையை விட்டு ஓடுங்கள்’ என்ற ஒரு வசனத்தை உறுதிப்படுத்தி எழுதி ஒருவர் கையில் கொடுக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் அந்தக் கணக்கு ஒவ்வொரு வீட்டின் கணக்கு. ஒளியின் வேகத்தில் போகக்கூடிய அலை, சொல்ல ஒன்றும் இல்லாமல் வெறுமனே போய்க்கொண்டிருந்தது.

அந்த ஒரு வசனத்தைச் சரியாகச் சொல்வதற்கு உயிரைக் கொடுத்தவரும் எங்கள் மண்ணில் உண்டு. மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி. தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் செய்தி தந்தவர். குடாநாட்டில் நடந்தது இலண்டனுக்குப் போய், வானத்தின் இலத்திரன் படலத்தில் பட்டு, மீண்டும் குடாநாட்டுக்கே வந்து சேர்ந்தது. 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு மனிதக் குரலில் இருப்பது வோற்றின் இலட்சத்தில் ஒரு பங்கு வலுதான். ஆனால் அது ஆயிரக்கணக்கான முற்றங்களில் மக்களின் சொந்த வலுவை எழுப்பி, நடந்ததை நடந்தபடி சொல்லவைத்தது.

இப்போது பலாலி வீதியில் போகும் மாணவர்களின் காதில் செய்தி கைபேசியிலிருந்து வருகிறது. டைனமோ சுற்றவேண்டியதில்லை. ஆனாலும் கணக்கு மாறவில்லை. கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வருவது இன்றும் மிக மெல்லிய ஒரு குறிப்பு. சத்தத்தின் வலு அவர்களுடைய பற்றறி, அதை நிரப்பியது அவர்கள் காசு கட்டும் மின்சாரம். யாரோ சொன்னதை ஒரு விரல்தட்டில் இன்னொருவருக்கு அனுப்பும்போது, வாங்குபவராக இருந்தவரே ஒலிபரப்பாளராகவும் ஆகிவிடுகிறார். கலையகத்துக்குள் இருந்த கடமை இப்போது ஒவ்வொரு கைக்கும் பங்கு போடப்பட்டிருக்கிறது.

என்னோடும் எனக்குப் பின்னும் செய்தி அறைக்கு வரும் இளையவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். கேட்பவருக்கு நாம் சத்தம் கொடுப்பதில்லை. சத்தம் அவரிடமே இருக்கிறது. அதற்கு உண்மையின் உருவத்தைக் கொடுப்பதுதான் நம் வேலை. யார் சொன்னது என்று தெரியாத வசனமும், மறுபடி சரிபார்க்காத எண்ணும் அவருடைய வலுவை அவருக்கே எதிராகத் திருப்பிவிடும். உறுதியில்லாததை வாசிக்காமல் விடுவதற்கும், உறுதியானதை யாருக்குப் பிடிக்காவிட்டாலும் வாசிப்பதற்கும் ஒரே துணிவுதான் தேவை. தங்கள் கையின் வலுவை நம்பி நம்மிடம் ஒப்படைத்தவர்களுக்கு அந்தத் துணிவை நாம் கடன்பட்டிருக்கிறோம்.